மூங்கில் களத்தில் ஒரு பீடி நேரம்

மலை ரூட்டுக்குப் புதிதாகப் போட்டிருக்கிற தம்பிகளுக்கும், இந்த வருஷம் சேர்ந்திருக்கிற அந்த ஒரே தங்கச்சிக்கும் எழுதுகிறேன். கிளட்சு, கியர், பிரேக்கு பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் ஓட்டிய வண்டியை இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் நீங்கள் ஏறவே மாட்டீர்கள். வளைவில் எப்படித் திருப்புவது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். எப்போது போகாமல் திரும்பிவிடுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன டிரைவரை யாரும் ஏன் போனாய் என்று கேட்பதில்லை. திரும்பி வந்தவனைத்தான் பஸ்ஸில் இருக்கிறவர்கள், மேனேஜர், டீக்கடைக்காரர், பெண்டாட்டி எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

நான் பிறவியிலேயே பயந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சங்கராபுரத்து லாரி ஒன்றில் கிளீனராக ஏறினேன். அன்றைக்குக் கூடவே ஏறிய பயம், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. வண்டியை எடுக்கும் முன் மூன்று தரம் பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன். வெயில் காலத்திலும் சீட்டுக்குப் பின்னால் ஒரு குடை இருக்கும். என் கண்டக்டர் ஏழுமலை புதிதாக ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வான்: “எங்க அண்ணன் பொறக்கும்போதே பிரேக்க மிதிச்சிக்கினே பொறந்தவருங்க. தைரியமா ஏறுங்க.” என் வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே. “நான் ரெண்டாம் தாரம்தான். மூத்தவ பேரு பயம்” என்பாள்.

இந்த லட்சணத்தில் பஸ் டிரைவரான எனக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து மலை மேல் இருக்கிற வெள்ளிமலைக்குப் போகிற ரூட்டைப் போட்டார்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு முன்னால் அந்த ரூட்டை ஓட்டியவர் ஒரு முரடர். வாய் நிறைய வெற்றிலை, பேச்சில் பாதி எழுத முடியாத வார்த்தை. அவர் பெயரை எழுதினால் இப்போதும் அடிக்க வருவார், அதனால் எழுதவில்லை. ரூட்டை ஒப்படைக்கிற அன்று என்னோடு வந்தார். மேலே போகும்போது வாயே திறக்கவில்லை. இறங்கும்போது கரியாலூர் என்கிற மலைக் கிராமத்தைத் தாண்டி, மலைச் சரிவு ஆரம்பிக்கிற இடத்தில், “நிறுத்து” என்றார்.

அந்த இடத்தில் சாலையோரம் ஒரு சமதளம் இருந்தது. காட்டு மூங்கிலை வெட்டி வந்து கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கிற இடம். மூங்கில் களம் என்பார்கள். பஸ்ஸை வளைத்துத் திருப்ப அந்த மலையில் அதுதான் கடைசி இடம். அதற்குக் கீழே அடிவாரம் வரைக்கும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற சாலை. இறங்க ஆரம்பித்துவிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

களத்தின் ஓரத்திலிருந்து பார்த்தால் கீழே முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு பெரிய பாறை தெரியும். அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அடிப்பாராம்.

“கல்லு தெரியுதா?” என்றார்.

“தெரியுதுங்க.”

“தெரிஞ்சா எறங்கு. தெரியலன்னா திருப்பிக்கினு மேல போ. அவ்வளவுதான் ரூட்டு.”

மலைப் பனிமூட்டத்தை அங்கே மஞ்சு என்பார்கள். நான் கேட்டேன், “மஞ்சு அரைகொறையா இருந்தா இன்னாங்க பண்றது? கொஞ்சம் யோசிச்சு…”

“யோசிக்கறதுன்னா வெள்ளிமலையிலயே யோசிச்சிட்டு வா. இங்க வந்தா கண்ணுக்கு மட்டுந்தான் வேல. மூளைக்கு லீவு. பின்னால உக்காந்துக்கினு கத்தறானுங்க பாரு, அவனுங்க பேச்ச மூளை கேக்கும். கண்ணு கேக்காது.”

பீடி ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். “தெரியலன்னா ஒரு பீடி நேரம் நில்லு. வெலகினா வெலகும். அதுக்கு மேல நிக்காத. ரொம்ப நேரம் உத்துப் பாத்துக்கினே இருந்தன்னு வையி, இல்லாத கல்லும் தெரியும்.”

“நான் பீடி குடிக்கறதில்லிங்க.”

“உன் கண்டக்டர் குடிப்பான் இல்ல? குடிக்கச் சொல்லு.”

இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் மலை வண்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. மஞ்சு இறங்கினால் கண்டக்டர் கீழே இறங்கி, முதுகில் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடப்பார். டிரைவர் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து போவார். மலை ஏறி இறங்குகிற நம் ஆட்கள் எல்லோருக்கும் இது பழக்கம். அவரோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் துண்டுக்குப் பின்னால் போனாராம். முன்னால் நடந்த கண்டக்டர் தண்ணீர் தேங்கிய குழியில் கால் வைக்காமல் ஓரமாக ஒதுங்கினார். துண்டு ஒதுங்கியது. துண்டோடு வண்டியும் ஒதுங்கியது. பின் சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. ஒவ்வொருவராக முன் வாசல் வழியாக இறக்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள்.

“துண்டு ரோடு இல்லடா” என்று சொல்லிவிட்டுப் பீடியைத் தூக்கிப் போட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் மறியலுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது தப்பென்று நான் நினைத்ததில்லை. ஆனால் சாலையில் மரம் விழுந்தால் முதலில் போய் நிற்பது டிரைவர்தான். அதனால் கேட்பவர்கள் பக்கமும் பேச முடியாமல் கேட்கப்பட்டவர்கள் பக்கமும் பேச முடியாமல் எங்கள் பிழைப்பு ஓடியது. ஒரு வாரம் தொடர் மறியல் என்று அறிவித்திருந்தார்கள். மறுநாள் விடிந்தால் ஆரம்பம். மேனேஜர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, “இன்னிக்கு சாயங்காலம் வண்டி டிப்போவுல இருக்கணும். மலையில மாட்டினாலும் போச்சு, ரோட்டுல மாட்டினாலும் போச்சு. புரியுதா?” என்று சொல்லியனுப்பினார்.

புரட்டாசி மாதம். வெள்ளிமலையில் வண்டியை எடுக்கும்போது வானம் மூடியிருந்ததே தவிர மஞ்சு இல்லை. வண்டியில் கூட்டம் நெரிந்தது. ஒரு வாரம் சாலை இருக்காது என்று தெரிந்து கீழே வேலை இருக்கிறவர்கள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். தியாகதுருகத்தைச் சேர்ந்த வாத்தியார் ஒருவர், மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து மலையையும் என்னையும் திட்டிக்கொண்டே இருப்பவர், ஜன்னலோரம் பிடித்திருந்தார். புளி வியாபாரிகள் இருந்தார்கள். முன் சீட்டில் ஆண்டி என்கிற மலைக்காரரும் அவர் மகள் லட்சுமியும்.

ஆண்டியை எனக்குத் தெரியும். தேன், கடுக்காய் எடுத்துக்கொண்டு சந்தைக்கு வருவார். அவர் மகளை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். பத்தாவது முடித்த பெண். அவர்கள் ஊரில் அந்த வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், மறுநாள் காலை கடலூரில் நேர்காணல்.

“நாளைக்கு விட்டா அடுத்த வருசந்தானாம் சாமி” என்றார் ஆண்டி. “அடுத்த வருசம் வரைக்கும் இவள வூட்ல வச்சிக்கினு இருக்க இவ அம்மா ஒத்துக்க மாட்டா. மாப்பிள பாத்து வச்சிட்டா.”

“யப்பா, சும்மா இரு” என்றாள் பெண்.

ஏழுமலை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் காதருகே வந்தான். “அவுங்களும் படிப்பு, வேலைன்னுதான் ரோட்ட மறிக்கறாங்க. இந்தப் பொண்ணுக்கும் அதே படிப்பு, வேலைதான். அதுக்கு ரோடு வேணும். யார திட்டறது அண்ணே?”

“யாரையும் திட்டாத. விசில ஊது” என்றேன்.

கிளம்பும் முன் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், “கல்லு தெரிஞ்சாத்தான் எறங்குவேன். இப்பவே சொல்லிட்டேன்.” முன்கூட்டியே பயப்பட்டு முடித்துவிடுவது என் வழக்கம். வாத்தியார் பின்னாலிருந்து, “மஞ்சே காணோம். நீ வாயக் கழுவு” என்றார்.

கரியாலூரைத் தாண்டியதும் மஞ்சு வந்துவிட்டது. பள்ளத்திலிருந்து புகை மாதிரி ஏறி, சாலையில் படுத்து, பிறகு ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஆட்களின் மடியில் உட்கார்ந்தது. மூங்கில் களத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். கல் தெரியவில்லை. கல் இருக்கும் திசையே தெரியவில்லை.

“ஏழுமலை, பீடிய பத்த வை.”

அவன் கீழே இறங்கி நின்று பற்றவைத்தான். வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் வண்டியிலிருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். பாதிப் பேர் கல் இருக்கும் பக்கம் பார்த்தார்கள். மீதிப் பேர் பீடியைப் பார்த்தார்கள்.

“மெதுவா இழுய்யா! இன்னா அவசரம்?”

“ஏம்பா, ரெண்டு பீடி குடிச்சா ஆவாதா?”

“அது அணைஞ்சி போச்சு பாரு, அணைஞ்சி போச்சு! அணைஞ்சது கணக்குல வராது!”

ஏழுமலையும் லேசுப்பட்டவன் இல்லை. பீடியை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்ப்பது தெரிந்ததும் ஒரு இழுப்பு இழுத்தான்.

“தெரியுது!” என்று வாத்தியார் கத்தினார்.

“எங்க?”

“அதோ, வெள்ளையா.”

“மஞ்சே வெள்ளைதான் வாத்தியாரே” என்றார் ஒரு புளி வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். லட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை அடிக்கடி துடைத்துக்கொண்டாள்.

பீடி விரலைச் சுடுகிற நேரத்தில் காற்று ஒன்று அடித்தது. திரையை விலக்கின மாதிரி மஞ்சு பிளந்தது. கல் தெரிந்தது. நன்றாக, முழுசாக, சுண்ணாம்பு வழிந்த கோடு உட்பட தெரிந்தது. நானும் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸே கூச்சல் போட்டது. “அப்பாடா” என்று லட்சுமி சொன்னது அந்தக் கூச்சலிலும் எனக்குக் கேட்டது.

ஏழுமலை ஓடி வந்து ஏறினான். இரட்டை விசில். முதல் கியரில் நகர்த்தினேன். முன் சக்கரம் களத்தை விட்டுச் சரிவில் இறங்கியது.

கல் மறைந்துவிட்டது.

பிளந்த மஞ்சு அப்படியே வந்து மூடிக்கொண்டது. நான் பிரேக்கை மிதித்தேன். நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

“ஏன்யா நிறுத்தின?”

“கல்லு தெரியல.”

“இப்பத்தான பாத்த?”

“பாத்தேன். இப்பத் தெரியல.”

“எங்கயும் எழுந்து போயிருக்காதுய்யா, கல்லுதான! அங்கயேதான் இருக்கும், போ” என்றார் வாத்தியார்.

தம்பிகளே, தங்கச்சியே, கவனமாகக் கேளுங்கள். கல் தெரியாமல் இருக்கும்போது திரும்புவது சுலபம். ஒரு தரம் தெரிந்துவிட்டு மறைந்தது பாருங்கள், அப்போதுதான் கஷ்டம். மனசு ஏற்கெனவே கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. டிப்போவில் வண்டியை விட்டு, வீட்டில் கை கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டது. உடம்பும் வண்டியும்தான் மலையில் நிற்கின்றன. மனசைத் திரும்பக் கூப்பிடுவது வண்டியைத் திருப்புவதைவிடப் பெரிய வேலை.

ஆண்டி கீழே இறங்கினார். என் ஜன்னலுக்கு நேராக வந்து தலைத்துண்டை அவிழ்த்து முதுகில் விரித்துக்கொண்டார்.

“நான் முன்னால நடக்கறேன் சாமி. பொறந்ததுலேர்ந்து நடந்த எடம். கண்ண மூடிக்கினே நடப்பேன். நீ என் பின்னால வா.”

அவர் சொன்னது உண்மை. அந்த மலையில் அவர் கால் தவறும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஆண்டி, உன் காலுக்கு ஒரு அடி எடம் போதும். என் பின் சக்கரம் எங்க வருதுன்னு உன் காலுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது” என்றேன்.

“என் பொண்ணு சாமி…”

துண்டைப் போர்த்தியபடி நின்றார். முன் சீட்டில் லட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கல்லு தெரிஞ்சுதுங்களே” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வாத்தியார் ஒரு மணி நேரம் கத்தினாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த முரடர் சொன்னதுதான் உதவியது. மூளைக்கு லீவு. யோசிக்க ஆரம்பித்திருந்தால் போயிருப்பேன். போவதற்கு எத்தனை நியாயம் இருந்தது! மேனேஜர், மறியல், நேர்காணல், அடுத்த வருஷம், மாப்பிள்ளை. திரும்புவதற்கு ஒரே ஒரு காரணம்தான், கண்ணுக்குத் தெரியவில்லை.

“ஏழுமலை, பின்னால போ. ரிவர்ஸ் எடுக்கணும்.”

அவன் இறங்கிப் பின்னால் போய் வண்டியின் உடம்பைத் தட்ட ஆரம்பித்தான். “வரலாம்… வரலாம்… வரலாம்…” அவனைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் ஏற்றினேன். முன் சக்கரம் களத்தில் ஏறியது. “ஹோல்டான்!” என்றான். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆண்டி மகளைக் கீழே கூப்பிட்டார். “வா, நடந்து எறங்கிடலாம். ஒத்தையடிப் பாத இருக்குது.” மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்குகிற குறுக்குப் பாதை. அதில் ஆள் போகலாம், வண்டி போகாது. என்னால் அவர்களைப் போகாதே என்றும் சொல்ல முடியவில்லை, போ என்றும் சொல்ல முடியவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு எட்டு வைத்ததும் இரண்டு பேரையும் மஞ்சு விழுங்கிவிட்டது.

கரியாலூருக்குத் திரும்பினோம். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் களி கிண்டிப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் மலை கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. கல்லென்ன, களத்திலிருந்து பார்த்தால் கீழே கோமுகி அணைத் தண்ணீரே மின்னியது. ஆனால் காட்டிலாகா ஆபீசுக்குச் செய்தி வந்துவிட்டது: கீழே எல்லாச் சாலையிலும் மரம் கிடக்கிறது, வண்டியை எடுக்க வேண்டாம். மறியல் முடிகிறவரை மலையிலேயே கிடந்தோம். தினமும் விடிந்தால் அதே பளிச். வாத்தியார் தினமும் வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, “இன்னா டிரைவரே, கல்லு தெரியுதா?” என்பார். அவருக்குத் துணியைத் துவைத்துப் போட்டால் உடுத்த மாற்றுத் துணி இல்லை. ஒருநாள் துண்டோடு நின்றுகொண்டு கேட்டார். அதனால் அவர் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கவலை அவரல்ல. குறுக்குப் பாதையில் அந்தப் பெண் எங்காவது சறுக்கியிருப்பாளோ? அடிவாரம் போய்ச் சேர்ந்தாலும் கடலூர் போய்ச் சேர்ந்திருப்பாளோ? ஒரு பயத்திலிருந்து நான் தப்பிக்க இன்னொருவர் தலையில் இன்னொரு பயத்தைக் கட்டிவிட்டேனோ? களியைத் தொடாமல் குறுக்குப் பாதைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை, “அவுங்களுக்கு மலை தெரியும் அண்ணே, சாப்டு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறியல் முடிந்த காலையில் இறங்கினோம். கல் தெரிந்தது. முதல் வளைவைத் தாண்டினோம். இரண்டாவது, மூன்றாவது. நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. சரிந்த மண், உருண்டு வந்த பாறை, விழுந்த மரம், ஏதாவது ஒன்று. அன்றைக்கு வந்திருந்தால் இதில்தான் மோதியிருப்போம் என்று காட்ட ஒன்று. சாலை துடைத்து வைத்த மாதிரி கிடந்தது.

ஏழுமலை படியில் தொங்கிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தான். கடைசி வளைவில் அவனால் தாங்க முடியவில்லை. “இன்னா மலை அண்ணே இது? நம்ம மானத்தக் காப்பாத்த ஒரு பாறையாவது உருண்டிருக்கக் கூடாதா?”

வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார்.

இதைத்தான் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பியது சரிதான் என்று மலை உங்களுக்குச் சாட்சி சொல்ல வராது. பெரும்பாலும் சாலை காலியாகத்தான் இருக்கும். காலியான சாலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்ததை வைத்துத்தான் டிரைவர் ஓட்ட முடியும். பிறகு தெரிய வந்ததை வைத்து நம்மைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தினேன். டீக்கடை வாசலில், மேலே போகிற பஸ்ஸுக்காக ஆண்டியும் லட்சுமியும் நின்றிருந்தார்கள்.

இறங்கிப் போய், “பத்திரமா போய்ச் சேந்தீங்களா?” என்றேன். அவ்வளவுதான் கேட்க வந்தது.

“சேந்தோம் சாமி” என்றார் ஆண்டி. “இருட்டறதுக்குள்ள எறங்கிட்டோம். விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸு. அங்கேர்ந்து மீன் வண்டி. காலியா கடலூருக்குத் திரும்பிக்கினு இருந்துது, பாவம்னு ஏத்திக்கினான்.”

“நேர்காணல்?”

ஆண்டி சிரிக்க ஆரம்பித்தார். “ஆபீசரு வரவே இல்ல! பாதி வழில மரம் கெடந்துதாம், அவுரும் திரும்பிப் போய்ட்டாராம். நீ ஒருத்தன்தான் திரும்பினன்னு திட்டிக்கினே போனேன் சாமி. எல்லாரும்தான் திரும்பியிருக்காங்க. வேற தேதி போட்டுட்டாங்க. மறியல் முடியற வரைக்கும் நாங்களும் அங்கயே கெடந்துட்டு நேத்து ராத்திரிதான் கெளம்பினோம்.”

எனக்கு வந்த நிம்மதியில் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். தேதி தள்ளிப்போனது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் ஒரு வருஷம் என் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். அப்போதும் நான் திரும்பியிருக்கத்தான் வேண்டும். இதை எழுதுவது சுலபம். அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து அப்படி நினைக்கத் தைரியம் வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

லட்சுமி குடையை நீட்டினாள். மீன் வாடை அடித்தது.

“ஒண்ணு கேக்கட்டுங்களா? கல்லு தெரிஞ்சுது இல்ல? எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் ஏன்?”

“தெரிஞ்சுதும்மா. அப்புறம் தெரியல. எறங்கற நேரத்துல இன்னா தெரியுதோ, அதுதான் கணக்கு.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

டிப்போவில் மேனேஜர் கூப்பிட்டார். “ரோட்டுல இன்னாய்யா இருந்துது?”

“ஒண்ணும் இல்லிங்க சார்.”

“அப்புறம் ஏன் திரும்பின?”

“ஒண்ணும் இல்லன்றது தெரியலிங்க சார்.”

அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே மறியலில் கண்ணாடி நொறுங்கிய வண்டிகள் வரிசையாக நின்றன. என் வண்டியில் ஒரு கீறல் இல்லை. “போய்க் குளிச்சிட்டு வா. களி நாத்தம் அடிக்குது” என்றார். அந்த முரடர் ஒர்க்ஷாப் வாசலில் நின்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எத்தன பீடிடா?” என்று மட்டும் கேட்டார். ஒன்று என்றேன். சரி என்று போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலம். வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கரியாலூரில் நர்ஸம்மா ஒருவர் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கையில் மருந்துப் பெட்டி. “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்றார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. லட்சுமி. மலையிலேயே ஆஸ்பத்திரி வேலையாம்.

மூங்கில் களத்தில் மஞ்சு. ஏழுமலைக்குப் பிறகு வந்த கண்டக்டர் பீடி குடிக்காதவன். பாக்கு ஒன்றை வாயில் போட்டு மென்றான். பாக்கு கரைந்தது. கல் தெரியவில்லை. பின்னாலிருந்து பட்டு வேட்டிக்காரர் ஒருவர் எழுந்தார்.

“யோவ் டிரைவரு, சங்கராபுரத்துல எம் மச்சான் கல்யாணம்யா! ராத்திரி மாப்பிள அழைப்பு. நான் இல்லாம தாலி கட்ட மாட்டான். எடுய்யா வண்டிய!”

நான் வாயைத் திறப்பதற்குள் லட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

“உக்காருங்கண்ணே. என் நர்ஸ் வேலைக்கே இந்த மனுசன் எறங்கல. உங்க மச்சான் கல்யாணத்துக்கா எறங்கப் போறாரு?”

பஸ் முழுக்கச் சிரிப்பு. பட்டு வேட்டிக்காரரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக அந்தக் களத்தில் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் யாராவது திட்டுவார்கள். அன்றைக்கு யாரும் திட்டவில்லை. நான் ரிவர்ஸ் போட்டதும் அவள் எழுந்து, மருந்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பின்பக்கம் எட்டிப் பார்த்து, கண்டக்டரை முந்திக்கொண்டு சொன்னாள்:

“வரலாம்ணே… வரலாம்… வரலாம்…”